ராகு காலத்துக்கு முன்னர் வந்த அழைப்பு

அத்தியாயம் ஒன்பது

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் நான்காம் மாடியில் வசிக்கும் திரு. நமசிவாயம் அவர்கள், தமது முழங்கால் வலிக்கென இணையத்தில் ஒரு பட்டி வாங்க முயன்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறந்திருப்பின் அதில் பிழையேதும் இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

பட்டி வரவில்லை. ஆனால், அதை வாங்குவதற்காக அவர் கொடுத்த மகள் சுபோதினியின் வங்கி அட்டையிலிருந்து நாள்தோறும் சிறிது சிறிதாகப் பணம் எங்கோ ஒரு தூரதேசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சுபோதினி அந்த அட்டையை நிறுத்திவிட்டுப் புதியதொன்றைப் பெற்று, வீட்டு அலுமாரியில் பத்திரமாக வைத்தார். அத்துடன் அமையாமல், இராச்சாப்பாட்டு மேசையில் தந்தையாருக்குப் பாடம் நடத்தவும் தொடங்கினார்.

“அப்பா, கள்ளர் எண்டால் முகத்தை மூடிக்கொண்டு வரமாட்டினம். நல்ல மரியாதையாக் கதைப்பினம். உங்கட பெயர் தெரியும், என்ட பெயர் தெரியும், எங்கட ஒழுங்கை தெரியும். எவ்வளவு கூடத் தெரிஞ்சிருக்கோ, அவ்வளவு கூட நீங்கள் பயப்பிட வேணும்.”

“அப்ப ஒண்டும் தெரியாதவன்தான் நல்லவனோ?”

“நல்லவன் ஃபோனில விவரம் கேக்கமாட்டான். கள்ளன் முதல்ல சின்ன விசயம்தான் கேப்பான். பிறந்த திகதி, அம்மாவின்ட பெயர், அப்பிடி. பிறகு அவசரப்படுத்துவான். இத்தினை மணிக்குள்ள தாங்கோ எண்டுவான். அவசரப்படுத்தினால் உடன வையுங்கோ ஃபோனை.”

பாடத்தோடு பரீட்சையும் இருந்தது. சுபோதினியுடன் அலுவலகத்தில் பணியாற்றும் நிஷாந்தி என்பவர் வங்கி அதிகாரிபோல் நடித்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். முதற்பரீட்சையில், கேட்ட விவரங்கள் அனைத்தையும் நமசிவாயம் அவர்கள் கொடுத்ததோடு, “சாப்பிட்டாச்சோ பிள்ளை?” என்றும் விசாரித்தார். இரண்டாவதில் அட்டையின் இலக்கத்தைச் சொல்ல மறுத்தார்; ஆனால் அது காலாவதியாகும் திகதியைச் சொல்லிவிட்டார். “அது திகதிதானே, இலக்கமில்லையே,” என்பது அவருடைய வாதம். மூன்றாம் பரீட்சையில் தோற்பதில்லை என்று அவர் உறுதி பூண்டிருந்தார்.

இப்பாடங்கள் நடந்தபோது அவருடைய மனைவியார் இரத்தினம்மா அவர்கள் சமையலறையில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். குற்றம் புரிந்தவர் கணவரே ஆகையால், மனைவியையும் பாடத்துக்கு அழைக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

இதே வாரத்தில்தான் தரகர் பழனிமுத்து அவர்கள் மூலம் சுபோதினிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் பெயர் சாரங்கன். தந்தையார் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் சிவபாதசுந்தரம் அவர்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குப் பையன் வீட்டார் தொலைபேசியில் கதைத்து, பெண்ணின் விவரங்களைக் கேட்டறிவதாக ஏற்பாடு.

சுபோதினியும் சாரங்கனும் மூன்று ஆண்டுகளாக ஒருவரையொருவர் விரும்பி வருகிறார்கள் என்பதும், அந்தத் தரகரை ஏற்பாடு செய்ததே அவர்கள் இருவருந்தாம் என்பதும் வாசகர்கள் அறிந்ததே. வீட்டார் அறியார்.

வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் புறப்பட்டபோது சுபோதினி வாசலில் இருமுறை திரும்பி நின்றார்.

“நாலு மணிக்கு எடுப்பினம் அப்பா. வடிவாக் கதையுங்கோ.”

“எனக்கென்ன கதைக்கத் தெரியாதோ?”

“இல்லை… பணிவாக் கதையுங்கோ.”

“நீ போ பிள்ளை. பஸ் போகப்போகுது.”

காலை பத்து மணியளவில் தொலைபேசி ஒலித்தது. நமசிவாயம் அவர்கள் வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எடுத்தார்.

“வணக்கம். நமசிவாயம் அவர்கள்தானே கதைக்கிறது?” என்றது ஒரு கனத்த குரல். இடையில் ஒரு இருமலும் வந்தது.

“ஓம். நீங்கள் ஆர்?”

“நான் கொட்டாஞ்சேனையில இருந்து சிவபாதசுந்தரம். உங்கட மகள் சுபோதினியின்ட அலுவலா எடுத்தனான். பழனிமுத்து இலக்கம் தந்தவர்.”

நமசிவாயம் அவர்களின் முகத்தில் ஒரு புன்னகை மெல்ல விரிந்தது. தம் பெயர், மகளின் பெயர், தரகரின் பெயர், சம்பந்தியாகப் போகிறவரின் பெயர் எல்லாம் இந்தக் குரலுக்குத் தெரிந்திருக்கின்றன. நான்கு மணிக்கு வரவேண்டிய அழைப்போ காலையிலேயே வந்திருக்கிறது. இத்தனையையும் சொல்லிக் கொடுத்து இப்படியொரு பரீட்சை வைக்கக்கூடியவர் உலகில் ஒருவர்தான். மகளின் கெட்டித்தனத்தை அவர் உள்ளூர மெச்சினார்.

“நாலு மணிக்கெண்டுதானே கதை?” என்று அவர் சாவதானமாகக் கேட்டார்.

“ஓம், அப்பிடித்தான் சொன்னனாங்கள். ஆனால் பழனிமுத்து இன்னும் குறிப்பைக் கொண்டு வரேல்லை, எங்கட சாத்திரியாரோ பின்னேரம் ஊருக்குப் போறாராம். பத்தரைக்கு ராகு காலம் தொடங்குது. அதுக்கு முதல் பிள்ளையின்ட பிறந்த திகதியும் நேரமும் தந்தியள் எண்டால் கையோட குடுத்திடலாம். கொஞ்சம் கெதியாத் தாங்கோ.”

“ஆ! அவசரப்படுத்திறியள்.”

“ராகு காலமெல்லோ?”

“சரி, சரி. திகதியும் நேரமும் தந்தாப் பிறகு என்ன கேக்கிறதாக உத்தேசம்? தாயின்ட பெயரோ?”

“கேக்கத்தானே வேணும். தாய்வழி தெரியாமல் எப்பிடி ஒரு அலுவல் பாக்கிறது?”

நமசிவாயம் அவர்கள் எழுந்து நின்றார். முழங்கால் வலியையும் அவர் பொருட்படுத்தவில்லை.

“ஐயா, உங்கட நடிப்பு மிகவும் நல்லாயிருக்கு. அந்த இருமல் இன்னும் நல்லாயிருந்தது.”

“நடிப்போ? என்ன சொல்லுறியள்?”

“குரலைக் கேட்டால் வயசான மனிசர் போல கிடக்கு. இந்த வயசில உங்களுக்கு இந்தக் களவுத் தொழில் தேவையோ? பிள்ளை குட்டியள் இல்லையோ?”

“பிள்ளை இருக்கிறபடியாத்தான் ஐயா எடுத்தனான்!”

“அப்ப அந்தப் பிள்ளைக்காவது ஒரு நேர்மையான தொழில் பழக்கி விடுங்கோ. வணக்கம்!”

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் சமையலறையை நோக்கிக் குரல் கொடுத்தார்.

“இரத்தினம்! நான் பாஸ்!”

மதிய இடைவேளையில் சுபோதினி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது கைப்பேசியில் சாரங்கனின் செய்தி வந்திருந்தது. அதில் வணக்கமோ நலவிசாரிப்போ இருக்கவில்லை.

‘உம்மட அப்பா என்ட அப்பாவைக் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டார். என்னையும் சேர்த்து.’

சுபோதினி பெட்டியை மூடிவிட்டு, படிக்கட்டுப் பக்கம் போய் அழைப்பெடுத்தார்.

“என்ன நடந்தது?”

“ராகு காலம் எண்டு இவர் காலமையே எடுத்திட்டார், சுபோ. உம்மட அப்பா நடிப்பு நல்லாயிருக்கு எண்டாராம். முப்பது வருசம் பள்ளிக்கூடம் நடத்தின மனிசன். சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். மத்தியானம் சாப்பிடேல்லை.”

“ஐயோ! அப்பா பரீட்சை எண்டு நினைச்சிருக்கிறார்.”

“என்ன பரீட்சை?”

சுபோதினி விளக்கினார்.

“இதை நான் அப்பாவுக்கு எப்பிடிச் சொல்லுறது? சொன்னால், உனக்கெப்பிடித் தெரியும் எண்டு கேப்பார். இப்பவே, ‘இந்தச் சம்பந்தம் இனி வேண்டாம், தரகருக்குச் சொல்லிவிடு’ எண்டு நிக்கிறார். பின்னேரம் வரைக்கும்தான் என்னால தாக்குப்பிடிக்கலாம்.”

“நான் வீட்டை போறன். அதுக்குள்ள தரகருக்கு ஒண்டும் சொல்லாதையுங்கோ.”

தலைவலி என்று அறிவித்து விடுப்புப் பெற்றாலும், கையிலிருந்த வேலையை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட மூன்றரை மணியாகிவிட்டது. கோட்டையிலிருந்து காலி வீதிப் பேருந்தில் ஏறி, யன்னலோரம் அமர்ந்து, பெற்றோரிடம் எப்படித் தொடங்குவது என்று அவர் யோசித்தபடி வந்தார். எப்படித் தொடங்கினாலும் அது சாரங்கனிலேயே போய் முடிந்தது.

அதே வேளையில் வெள்ளவத்தையில் நமசிவாயம் அவர்கள் காலைப் பரீட்சையின் வெற்றியை நண்பர் ஸாலிஹ் அவர்களுக்குச் சொல்வதற்காக அவருடைய புடைவைக் கடைக்குப் போயிருந்தார். நான்கு மணிக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் வெற்றியைச் சுருக்கிச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

நான்கு மணிக்குச் சற்று முன்னதாகத் தொலைபேசி ஒலித்தது. இரத்தினம்மா அவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து எடுத்தார்.

“வணக்கம் அம்மா. சுபோதினி நமசிவாயம் அவையின்ட வீடோ?” என்றது ஓர் இளங்குரல். மிகவும் பணிவான குரல்.

“ஓம் தம்பி, ஓம்! நீங்கள் எடுப்பியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்.”

பேசியவர் மாப்பிள்ளையோ மாப்பிள்ளை வீட்டாரோ அல்லர். முழங்கால் பட்டி விற்றவர்களிடமிருந்து பெயரும் இலக்கமும் பெற்று, அட்டை விவரங்களைக் கறக்க முற்பட்ட ஒருவர். தம் தொழிலில் இப்படியொரு வரவேற்பை முன்னர் பெற்றிராதபடியால் அவ்விளைஞர் சற்றுத் தடுமாறினார்.

“நான் எடுப்பன் எண்டு… தெரியுமோ?”

“தரகர் சொன்னவர்தானே. அப்பா எடுப்பார் எண்டு நினைச்சனாங்கள். நீங்களே எடுத்திட்டியள். அதுக்கென்ன, இந்தக் காலத்துப் பிள்ளையள்.”

“ஓம் அம்மா. இந்தக் காலம் அப்பிடித்தான். கொஞ்ச விவரம் சரிபாக்க வேணும். மகளின்ட பிறந்த திகதி…”

“டிசம்பர் முப்பது. நட்சத்திரம் அனுஷம். விருச்சிக இராசி. பாதமும் சொல்லட்டோ?”

“அது தேவையில்லை அம்மா.”

“என்ன தம்பி தேவையில்லை? நீங்கள் பொருத்தம் பாக்கிறேல்லையோ?”

“பாக்கிறம் அம்மா. பாக்கிறம். சொல்லுங்கோ.”

பாதத்தைச் சொன்ன பின்னர் இரத்தினம்மா அவர்கள் கதிரையொன்றை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

“இனி நான் கேக்கிறன். உங்கட பூர்வீகம் மீசாலை எண்டு தரகர் சொன்னவர். மீசாலையில எவடம்?”

“ஸ்டேசனுக்குக் கிட்ட.”

“ஸ்டேசனுக்கு இந்தப் பக்கமோ, அங்காலப் பக்கமோ?”

“அ… அங்காலப் பக்கம்.”

“அப்ப எங்கட பெரியம்மாவின்ட மருமகள் ஆக்களின்ட பக்கம்! அவையைத் தெரியுமோ?”

“முகம் தெரியும் அம்மா.”

“குடிப் பழக்கம் ஏதும்?”

“இல்லை அம்மா.”

“சத்தியமாவோ?”

இளைஞர் தயங்கினார். அன்று முழுவதும் பொய் சொல்லிக் களைத்திருந்தாரோ என்னவோ, “இடைக்கிடை ஒரு பியர்,” என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

“நல்லது. உண்மை சொன்னியள். எனக்கு ஒளிச்சுக் கதைக்கிறவையைப் பிடிக்காது.”

“அம்மா, எனக்கு நேரம் போகுது. மகளின்ட வங்கிக் காட் வீட்டில இருக்கோ? கணக்கின்ட நிலவரம் பாத்தால்தான் அடுத்த அலுவல் நடக்கும்.”

இரத்தினம்மா அவர்களின் மனம் சிறிது வாடியது. சீதனம் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை என்று தரகர் சொல்லியிருந்தார். ஆயினும், தம்முடைய கலியாணப் பேச்சின்போது மாமனார் வீட்டார் காணி உறுதியைக் கேட்டு வாங்கி, விறாந்தை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு வரியாக வாசித்தது அவருடைய நினைவுக்கு வந்தது. கேட்பது உலக வழக்கம். தயங்கினால், ஒளிக்கிறார்கள் என்று எண்ணிவிடுவார்கள்.

“அந்த நாளில உறுதி பாத்தவை. இப்ப காட் பாக்கினம்,” என்றார். “பொறுங்கோ தம்பி, எங்களிட்ட ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை.”

அலுமாரியைத் திறந்து, புதிய அட்டையை எடுத்துவந்து, கண்ணாடியை அணிந்துகொண்டு, அவர் இலக்கங்களை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். குரலில் ஒரு பெருமிதமும் இருந்தது.

“பின்பக்கத்திலயும் மூண்டு இலக்கம் இருக்கும் அம்மா.”

“இருக்கு, இருக்கு. உறுதியிலயும் சாட்சிக்காரர் பின்பக்கத்தில ஒப்பம் வைக்கிறவை.”

அவற்றையும் வாசித்தார்.

“இப்ப மகளின்ட ஃபோனுக்கு ஒரு இலக்கம் வரும். அதையும் சொன்னியள் எண்டால் எல்லாம் சரி.”

“ஏன், உங்கட வீட்டில எண் சாத்திரமும் பாக்கிறவையோ?”

“ஓம் அம்மா. எங்களுக்கு அதுதான் முக்கியம்.”

“அப்ப கொஞ்சம் பொறுக்க வேணும். பிள்ளை வேலையால வந்திடுவா. அதுவரைக்கும் உங்கட சகோதரங்களைப் பற்றிச் சொல்லுங்கோ. மூத்தவருக்கு எங்க வேலை?”

பேருந்து பம்பலப்பிட்டியைத் தாண்டியபோது சுபோதினியின் கைப்பேசி அதிர்ந்தது. வங்கியின் செய்தி. யாரோ ஒருவர் அவருடைய அட்டையில் நகை வாங்க முற்படுவதாகவும், அதற்கான ஓடிபி இலக்கம் இதுவென்றும், இதை எவருடனும் பகிர வேண்டாமென்றும் அதில் எழுதியிருந்தது.

அட்டை வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. அதன் இலக்கம் எவருக்கும் தெரியாது. ஆகவே, அதைச் சொல்லியவர் வீட்டிலேதான் இருக்கிறார்.

அவர் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தார். யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மீண்டும் அழைத்தார். அப்போதும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓடிபியைக் கொடுக்காதவரை இந்தக் கடையில் ஒன்றும் நடவாது. ஆனால் ஓடிபி கேளாமலேயே பணம் எடுக்கும் கடைகளும் உலகில் உண்டு என்பதை முழங்கால் பட்டி அவருக்குக் கற்பித்திருந்தது. உடனே வங்கியின் செயலியைத் திறந்து அட்டையை முடக்கினார். முடக்கப்பட்டது என்று திரையில் தெரிந்த பிறகே மூச்சு வந்தது.

வெள்ளவத்தைச் சந்தைக்கருகில் இறங்கி ஓடியவரை ஸாலிஹ் அவர்களின் கடைவாசலில் ஒரு குரல் மறித்தது.

“என்ன மகள், இப்பிடி ஓடி வாறீங்க? ஒங்கட அப்பா இண்டைக்கி ஒரு கள்ளனுக்கு நல்லாக் குடுத்தீக்காரு, தெரியுமா?”

உள்ளே, துணிச் சுருள்களுக்கிடையே நமசிவாயம் அவர்கள் தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்திருந்தார்.

“வா பிள்ளை! அந்த இருமல்காரர் உங்கட ஒஃபிசில ஆர்? நல்ல திறமைசாலி.”

“அப்பா, எழும்புங்கோ. வீட்டை வாங்கோ.”

“தேத்தண்ணியைக் குடிச்சிட்டு…”

“அப்பா!”

ஸாலிஹ் அவர்கள் கோப்பையை மெல்ல வாங்கிக்கொண்டார்.

“போங்க, போங்க. மகள்ட மொகத்தப் பாத்தா இது தேத்தண்ணி குடிக்கிற நேரமில்ல.”

கதவைத் திறந்தபோது இரத்தினம்மா அவர்கள் இன்னும் தொலைபேசியில்தான் இருந்தார். மடியில் அட்டை கிடந்தது.

“இந்தா, பிள்ளை வந்திட்டா!” என்று முகம் மலரச் சொன்னார். “சுபோ, உன்ர ஃபோனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லட்டாம். மாப்பிள்ளை பாவம், கனநேரமாக் காத்துக்கொண்டிருக்கிறார்.”

சுபோதினி தொலைபேசியை வாங்கினார்.

“தம்பி, அந்தக் காட்டை நிப்பாட்டியாச்சு. இனி அதில ஒரு சதமும் எடுக்கேலாது. இந்த இலக்கத்தைப் பொலிசுக்குக் குடுக்கப் போறன்.”

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

“குடுங்கோ அக்கா. உங்கட அம்மா கேட்ட கேள்வியை விடவோ பொலிஸ் கேக்கப்போகுது?” என்று சொல்லி அவ்விளைஞர் இணைப்பைத் துண்டித்தார்.

“ஏன் பிள்ளை அப்பிடி வெடுக்கெண்டு கதைச்சனி?” என்றார் இரத்தினம்மா அவர்கள். “நல்ல தன்மையான பொடியன்.”

“அம்மா, அவன் மாப்பிள்ளை இல்லை. காட் கள்ளன்.”

“கள்ளனோ? மீசாலைப் பொடியன் எண்டான்!”

“நீங்கள்தான் மீசாலை எண்டு சொல்லியிருப்பியள். அவன் ஓம் எண்டிருப்பான்.”

இரத்தினம்மா அவர்கள் யோசித்துப் பார்த்தார். வாயில் கையை வைத்துக்கொண்டார். நமசிவாயம் அவர்களோ கடகடவென்று சிரித்தார்.

“இதுக்குத்தான் நான் காலமை…”

“அப்பா, காலமை நீங்கள் கள்ளன் எண்டு பேசின ஆள்தான் மாப்பிள்ளையின்ட அப்பா.”

சிரிப்பு பாதியில் நின்றது.

“அது நீ வைச்ச பரீட்சையெல்லோ?”

“நாங்கள் ஒருத்தரும் இண்டைக்கு எடுக்கேல்லை.”

“அப்ப அந்த இருமல்?”

“அது உண்மையான இருமல், அப்பா.”

நமசிவாயம் அவர்கள் கதிரையைத் தேடிப் பிடித்து அமர்ந்தார். கடற்கரைப் பாதையில் புகையிரதம் ஒன்று கடந்து போயிற்று. அதன் ஓசை அடங்கிய பின்னர் இரத்தினம்மா அவர்கள், எவரும் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டார்.

“அவர்தான் எண்டு உனக்கெப்பிடித் தெரியும்?”

சுபோதினி தரையைப் பார்த்தார். பொய் ஒன்று நாவரை வந்தது. அன்றைய தினத்தில் பொய்கள் போதுமென்று அவருக்குத் தோன்றியது.

“சாரங்கன் சொன்னவர்.”

நமசிவாயம் அவர்கள் பதறி எழுந்தார். மகள் எதிர்பார்த்த பதற்றம் அதுவன்று.

“ஃபோனிலயோ? பிள்ளை, அது உண்மையான சாரங்கன் எண்டு உனக்கு என்ன நிச்சயம்? நீதானே எனக்குச் சொன்னனி! ஆளை நேரில கண்டனியோ?”

“கண்டனான், அப்பா.”

“ஒரு தரமோ? நல்லா விசாரிச்சியோ?”

“மூண்டு வருசமாக் காணுறன்.”

“அப்பாடா! அப்ப பிரச்சினையில்லை,” என்று ஆறுதலடைந்து அமர்ந்தவர், அமர்ந்த பிறகே தாம் கேட்டது இன்னதென்று உணர்ந்தார். “மூண்டு வருசமாவோ?”

“தரகர்?” என்றார் தாயார் மெல்ல.

“நாங்கள்தான் பிடிச்சனாங்கள்.”

இரத்தினம்மா அவர்கள் தம் கணவரைப் பார்த்தார். அவர் மகளைப் பார்த்தார். சுபோதினி அழவில்லை, ஆனால் கைப்பையின் வாரை இறுகப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அந்த விரல்களைப் பார்த்த பின்னர் கோபத்தைத் தொடர நமசிவாயம் அவர்களால் இயலவில்லை. அதைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

“உனக்கு அந்தப் பொடியன்தான் வேணுமோ?”

“ஓம், அப்பா.”

“நான் கெடுத்துப்போட்டேனோ?”

“அவர் வேண்டாமெண்டு நிக்கிறாராம். இண்டைக்குத் தரகருக்குச் சொல்லிவிடப் போறாராம்.”

நமசிவாயம் அவர்கள் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, சட்டையின் மேற்பொத்தானையும் பூட்டிக்கொண்டு, கொட்டாஞ்சேனைக்கு அழைப்பெடுத்தார். மணி அடித்தது, எவரும் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தார். இம்முறை எடுத்து, குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள்.

“நேரில போய்க் காலில விழுந்தாவது…” என்று அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, தொலைபேசி ஒலித்தது. கொட்டாஞ்சேனை இலக்கம். மூவரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். அன்று அந்தக் கருவியால் ஏமாந்த இருவருக்கும் மீண்டும் தொடத் துணிவில்லை. சுபோதினிதான் எடுத்துத் தந்தையாரின் காதில் வைத்தார்.

“நான் சாரங்கனின்ட அம்மா கதைக்கிறன்,” என்றது ஒரு பெண்குரல். மிகவும் தாழ்ந்த குரல். “காலமை எங்கட வீட்டுக்காரரைப் பேசினது நீங்களோ?”

“நான்தான் அம்மா. பெரிய பிழை நடந்துபோச்சு. மன்னிக்க வேணும்.”

“இப்பதான் சாரங்கன் எல்லாத்தையும் சொன்னவன். பரீட்சையையும், மற்றதையும்.” குரல் இன்னும் தாழ்ந்தது. “நான் உங்களுக்கு ஒண்டு சொல்லுறன். இவருக்குச் சொல்லாதையுங்கோ. போன மாசம் ஆரோ ஒருத்தன், பார்சல் வந்திருக்கெண்டு எடுத்தவன். இவர் காட் இலக்கத்தை வகுப்பில சொல்வதெழுதல் குடுக்கிறது மாதிரி, ரெண்டு தரம் வாசிச்சவர். அவன் எழுதினது சரியோ எண்டு திருப்பி வாசிக்கச் சொல்லிப் பிழையும் திருத்தினவர்.”

“அவருடைய ஒழுங்கு அப்பிடி,” என்றார் நமசிவாயம் அவர்கள் பணிவுடன்.

“எங்கட குடும்பத்துக்கு உங்களைப் போல ஒராள் கட்டாயம் வேணும். எனக்கு இந்தச் சம்பந்தம் பூரண சம்மதம். ஆனால் இவரை நான் வழிக்குக் கொண்டுவரேலாது. பேசினது நீங்கள். நீங்கள்தான் சரிப்பண்ண வேணும். அடுத்த அறையிலதான் இருக்கிறார். குடுக்கிறன்.”

தொலைபேசி கைமாறும் ஓசை கேட்டது. பின்னர் ஒரு சிறு இருமல் மட்டும் வந்தது.

மன்னிப்புக் கேட்க நமசிவாயம் அவர்கள் வாய் திறந்தார். அது போதாதென்று தோன்றியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

“ஐயா, பிள்ளை பிறந்தது டிசம்பர் முப்பது. யாழ்ப்பாணத்தில. தாயின்ட பெயர் இரத்தினம்மா. தாய்வழி கோண்டாவில்.”

பதிலுக்கு மறுபடி ஒரு இருமல் வந்தது.

“நட்சத்திரம் அனுஷம்.”

“பொறுங்கோ,” என்றது கனத்த குரல். மேசை லாச்சி இழுபடும் சத்தம் கேட்டது. “பேனை எடுக்கிறன்.”

சுபோதினி தாயாரின் கையைப் பற்றிக்கொண்டார். நமசிவாயம் அவர்களின் கண்களில் நீர் திரையிட்டது.

“ம். பிறந்த நேரம்?”

“விடியக்காலமை நாலு ஐம்பது, ஐயா. நான் வாசலில நிண்டனான். தாதி வந்து சொல்ல, உடன மணிக்கூட்டைப் பாத்தனான்.”

இரத்தினம்மா அவர்கள் மகளின் கையை உதறிவிட்டுக் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“என்னப்பா செய்யிறியள்?” என்று மூச்சாலேயே கத்தினார். “தரகரிட்டக் குடுத்த குறிப்பில ஐஞ்சரை எண்டெல்லோ எழுதிக் குடுத்தனாங்கள்!”

“ஏன் அம்மா ஐஞ்சரை?” என்றார் சுபோதினி.

“நாலு ஐம்பதெண்டால் உனக்கு ஏழில செவ்வாய், பிள்ளை! ஆரும் கட்டமாட்டினம் எண்டுதானே சாத்திரியார் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுத் தந்தவர்!”

நமசிவாயம் அவர்கள் தொலைபேசியைக் கையால் பொத்தப் போனார். அதற்குள் கொட்டாஞ்சேனையில் பேனை ஓடி முடிந்துவிட்டது.

“நாலு ஐம்பது,” என்று அதிபர் நிதானமாகத் திருப்பி வாசித்தார். “எழுதிப்போட்டன்.”